ஒரு கோடரி, ஐந்து பதக்கங்கள்: தோல்தார்ப் விமானத் தளம், ஜூன் 1944

எரிந்துகொண்டிருக்கும் விமானத்தின் வால் பகுதியில் ஒருவர் சிக்கியிருக்கிறார். வெளியே நிற்பவர் கோடரியால் வெட்டி ஒரு ஓட்டை போடுகிறார். ஆள் நுழைந்து வர அது போதவில்லை. கோடரியை அந்த ஓட்டை வழியாகவே உள்ளே கொடுக்கிறார். உள்ளே இருப்பவர் தன் பக்கத்திலிருந்து வெட்டி ஓட்டையைப் பெரிதாக்குகிறார். பிறகு கோடரி மறுபடியும் வெளியே வருகிறது. வெளியே இருப்பவர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்.

போர்க்கால வீரப் பதக்கங்களின் குறிப்புரைகள் பொதுவாக ஒரே அச்சில் வார்த்தவை. 'தன்னுயிரைப் பொருட்படுத்தாமல்', 'உயரிய கடமை உணர்வுடன்' என்று போய்க்கொண்டே இருக்கும். 1944 அக்டோபரில் பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டில் வெளியான இந்தக் குறிப்புரையில் அப்படிப்பட்ட சொற்களுக்கு நடுவே இந்தக் கோடரி கிடக்கிறது. காப்பாற்றப்பட வேண்டியவரின் கையிலேயே கருவியைக் கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ள, எப்போது வெடிக்கும் என்று தெரியாத குண்டுகளுக்குப் பக்கத்தில் நின்றபடி ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. ஒரே இரவு, ஒரே தீ, பதக்கம் பெற்றவர்கள் ஐந்து பேர். அந்த இரவில் எதிரி என்று யாரும் அங்கே இல்லை.

இடமும் ஆட்களும்

தோல்தார்ப், இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் யார்க் நகருக்கு வடமேற்கே உள்ள சிற்றூர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையின் 6-ஆம் குழு கனடா விமானப்படையின் அணிகளால் ஆனது. 1943 ஜனவரி 1-இல் தொடங்கிய அந்தக் குழுவின் தளங்கள் யார்க்‌ஷயரிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் பரவியிருந்தன. தோல்தார்ப் அவற்றில் ஒன்று. அங்கிருந்த 425-ஆம் படையணி, கனடா விமானப்படையில் பிரெஞ்சு பேசுவோருக்காக முதன்முதலில் அமைக்கப்பட்ட அணி. அந்த அணிக்கு வைத்த 'அலுவெட்' என்ற பெயர், வானம்பாடியைப் பற்றிய பிரெஞ்சு நாட்டுப்பாடலிலிருந்து வந்தது. 'உன் இறகைப் பிடுங்குவேன்' என்று பொருள்படும் அந்தப் பாட்டின் அடியையே முழக்கமாகவும் வைத்துக்கொண்டார்கள். குறும்புக்காரர்கள்.

அவர்கள் ஓட்டியது ஹாலிஃபாக்ஸ் வகை விமானம். நான்கு என்ஜின்கள், ஏழு பேர், வால் நுனியில் கண்ணாடிக் கூண்டு. இனி நடப்பது புரிய வேண்டுமென்றால் அந்தக் கூண்டைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பெர்ஸ்பெக்ஸ் எனப்படும் தெளிந்த பிளாஸ்டிக்கும் எஃகுச் சட்டங்களும் கொண்ட, ஒருவர் மட்டுமே உட்காரக்கூடிய சுழல்கூண்டு அது. நான்கு இயந்திரத் துப்பாக்கிகளுடன் இடமும் வலமும் சுழலும். கூண்டு நேராக நின்றால்தான் அதன் பின்கதவு விமானத்தின் உடலுக்குள் திறக்கும். சுழற்றும் விசை செயலிழந்து கூண்டு கோணலாக நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர் மாட்டிக்கொள்வார். வால்துப்பாக்கி வீரர்கள் எதிரியின் வேட்டை விமானத்துக்கு மட்டுமல்ல, இந்தக் கோணலுக்கும் அஞ்ச வேண்டியிருந்தது.

இந்தக் கதையின் மையத்தில் இருப்பவர் ஏர் கமடோர் ஆர்தர் டுவைட் ராஸ். தரைப்படையின் பிரிகேடியருக்கு இணையான பதவி. 1907-இல் கனடாவின் வின்னிபெக்கில் பிறந்தவர். தோல்தார்ப் உள்ளிட்ட சில தளங்கள் சேர்ந்த 62-ஆம் தளத் தொகுதிக்கு அவர் தலைவர். அன்றிரவு தாக்குதலிலிருந்து திரும்பும் விமானங்களைப் பார்க்கவும், இறங்கிய வீரர்களிடம் நடந்ததைக் கேட்டறியும் கூட்டத்தில் இருக்கவும் வந்திருந்தார். வராமல் மேசையில் உட்கார்ந்து மறுநாள் காலை அறிக்கையைப் படித்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

மற்ற நால்வர்: குண்டு குறிபார்ப்பவராகப் பறந்துவிட்டு அப்போதுதான் தரையிறங்கியிருந்த ஃபிளைட் சார்ஜென்ட் செயின்ட் ஜெர்மெய்ன், இரவுப் பணித் தரைக்குழுவின் பொறுப்பாளர் கார்ப்பரல் மார்க்கே, விபத்து மீட்பு வண்டியில் வந்த மெக்கென்சி, உல்ஃப் என்ற இரு கீழ்நிலை வீரர்கள்.

நடந்தது

1944 ஜூன் 28. தரையிறங்க முயன்ற ஒரு ஹாலிஃபாக்ஸ், ஓரமாக நிறுத்தப்பட்டிருந்த இன்னொரு விமானத்தின் மீது மோதியது. நின்றிருந்த விமானத்தில் குண்டுகள் முழுச் சுமையாக ஏற்றப்பட்டிருந்தன. மோதிய விமானம் மூன்று துண்டாக உடைந்து தீப்பிடித்தது.

ராஸும் மார்க்கேயும் முதலில் போனது முன்பகுதிக்கு. படுகாயமடைந்திருந்த விமானியை வெளியே இழுத்தார்கள். அந்த நேரத்தில், சுமார் 80 கெஜத்துக்கு அப்பால் எரிந்துகொண்டிருந்த மற்ற விமானத்தில் 500 பவுண்டுக் குண்டுகள் பத்து வெடித்தன. 80 கெஜம் என்றால் 73 மீட்டர். கிரிக்கெட் மைதானத்தின் நடுவிலிருந்து எல்லைக் கோடு வரை உள்ள தூரம். பத்துக் குண்டுகளின் எடை 2,200 கிலோவுக்கு மேல். ராஸும் மார்க்கேயும் தரையில் வீசி எறியப்பட்டார்கள்.

இரும்புத் துண்டுகள் மழையாக விழுந்து ஓய்ந்ததும் ஒரு குரல் கேட்டது. உடைந்த விமானத்தின் வால் கூண்டிலிருந்து.

எழுந்து திரும்பிப் போகலாமா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்க வேண்டிய கணம் இதுதான் என்பது என் எண்ணம். முதல் முறை ஓடியதில் யோசிக்க நேரம் இல்லை. விபத்து நடந்த இடத்தை நோக்கி ஓடுவது மனிதர்களுக்கு இயல்பாகவே வரும். சாலை விபத்திலும் பார்க்கிறோம். இரண்டாவது முறை அப்படியல்ல. குண்டு எப்படி வெடிக்கிறது என்பதை உடம்பால் அறிந்த பிறகு, பெட்ரோல் தொட்டிகளும் மிச்சக் குண்டுகளும் இன்னும் இருக்கின்றன என்று தெரிந்த பிறகு எடுத்து வைக்கும் அடி அது. தீயில் சிக்கிய குண்டுக்கு இத்தனை நிமிடம் என்ற கணக்கு எதுவும் கிடையாது. உறை சூடேறி உள்ளிருக்கும் வெடிமருந்து வெந்து, எப்போது தோன்றுகிறதோ அப்போது வெடிக்கும்.

ராஸும் மார்க்கேயும் போனார்கள். கூண்டைக் கையால் சுழற்றிப் பார்த்தார்கள்; அசையவில்லை. வாலின் இடப்பக்க இறக்கை கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் கோடரி. பெர்ஸ்பெக்ஸை வெட்டி ஓட்டை போட்டு, கோடரியை உள்ளே கொடுத்து, உள்ளிருந்தவர் ஓட்டையை அகலமாக்கிய பின் திரும்ப வாங்கி, ராஸ் எஃகுச் சட்டங்களை வெட்டத் தொடங்கினார். இதற்குள் செயின்ட் ஜெர்மெய்னும் வந்து சேர்ந்திருந்தார். மூவருமாகச் சட்டத்தை உடைத்து அவரை வெளியே எடுத்தார்கள்.

எடுத்து முடித்த சமயத்தில் இன்னொரு 500 பவுண்டுக் குண்டு வெடித்தது. மூவரும் தரையில் விழுந்தார்கள். செயின்ட் ஜெர்மெய்ன் சட்டென்று எழுந்து, காயம்பட்டவர் மீது படுத்துத் தன் உடலால் மறைத்துக்கொண்டார். ராஸின் ஒரு கை, மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவே, ஏறக்குறைய முழுவதும் துண்டாகித் தொங்கியது.

அவர் நிதானமாக நடந்து ஆம்புலன்ஸுக்குப் போனார் என்கிறது குறிப்புரை. தளத்தின் மருத்துவ அறையிலேயே அவசர அறுவை செய்து கையை எடுத்தார்கள்.

மார்க்கேயின் வேலை அதோடு முடியவில்லை. சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். பெட்ரோல் தரையில் வழிந்து, அருகே நின்ற வேறு இரண்டு விமானங்களை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. டிராக்டரை வரவழைத்து இரண்டையும் அங்கிருந்து இழுத்துப்போகச் செய்தார். இரண்டு முறை குண்டுவெடிப்பில் தூக்கி எறியப்பட்ட ஒருவர், எரிகிற இடத்தில் நின்று தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று கவனித்திருக்கிறார்! தரைக்குழுக்காரரின் கண் அது. தினமும் அந்தக் கான்கிரீட்டில் எண்ணெய் எங்கே தேங்கும், எங்கே ஓடும் என்று பார்த்துப் பழகிய கண்.

மெக்கென்சியும் உல்ஃபும் தீயோடு மல்லுக்கட்டினார்கள். வால்துப்பாக்கி வீரரை மீட்பதிலும் கை கொடுத்தார்கள். பறந்து வந்த சிதறல்களால் இருவருக்கும் பலத்த காயம்.

விமானி பிழைத்தார். வால்துப்பாக்கி வீரரும் பிழைத்தார்.

பதக்கங்களைப் பிரித்த விதம்

ராஸுக்கு ஜார்ஜ் கிராஸ். செயின்ட் ஜெர்மெய்னுக்கும் மார்க்கேக்கும் ஜார்ஜ் பதக்கம். மெக்கென்சிக்கும் உல்ஃபுக்கும் பிரிட்டிஷ் எம்பயர் பதக்கம்.

இந்தப் பட்டியலை அவர்களின் பதவிப் பட்டியலோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொகுதித் தலைவருக்கு முதல் தட்டு, சார்ஜென்ட்டுக்கும் கார்ப்பரலுக்கும் இரண்டாம் தட்டு, கீழ்நிலை வீரர்களுக்கு மூன்றாம் தட்டு. படிக்கட்டு கோணாமல் பொருந்துகிறது. பதவி பார்த்துத்தான் கொடுத்தார்கள் என்று இதை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. ஒரு கையை இழந்தவர் ராஸ். கோடரி பிடித்தவர் ராஸ். அந்த ஐவரில் அங்கே இருக்க வேண்டிய அவசியமே இல்லாதவரும் அவர்தான். அவருக்குக் கொடுத்தது தவறு என்று யாரும் வாதாட முடியாது, நானும் வாதாடவில்லை.

ஆனால் மார்க்கே? விமானியை இழுத்தபோது ராஸுடன் இருந்தார். முதல் வெடிப்பில் ராஸுடன் விழுந்தார். குரல் கேட்டுத் திரும்பிப் போனபோதும் உடன் போனார். கூண்டை உடைத்ததில் பங்கு, இரண்டாவது வெடிப்பில் பங்கு, அதற்கு மேல் இரண்டு விமானங்களைக் காப்பாற்றிய சமயோசிதம். கை போகவில்லை என்பது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்துக்காகப் பதக்கம் ஒரு படி இறங்குவது எனக்கு உறுத்துகிறது.

மெக்கென்சி, உல்ஃப் விஷயத்தில் வேறொரு தர்க்கம் வேலை செய்கிறது. தீயணைப்பது அவர்களின் வேலை. வேலையாகச் செய்யும் வீரத்துக்கு மதிப்பு ஒரு மாற்றுக் குறைவு என்பது பதக்க உலகத்தில் எழுதாத வழக்கம். தீயணைப்பு வீரருக்கும் சுரங்க மீட்பாளருக்கும் பல நேரங்களில் இதே கதிதான். ஆபத்தைத் தேடிப் போகிறவருக்கு முதல் மரியாதை. ஆபத்துக்குச் சம்பளம் வாங்குகிறவருக்கு ஒரு தட்டு கீழே.

செயின்ட் ஜெர்மெய்ன் செய்ததற்கு ஒப்பீடு ஒன்று இருக்கிறது. 1940 மே 31 அதிகாலை, கென்ட் மாவட்டத்தின் டெட்லிங் தளத்தில் குண்டுடன் விழுந்து நொறுங்கிய விமானத்திலிருந்து விமானியை மீட்டவர் டாஃப்னி பியர்சன் என்ற பெண். மகளிர் துணை விமானப்படையின் மருத்துவப் பிரிவில் கார்ப்பரல். குண்டு வெடித்தபோது விமானி மீது படுத்து மறைத்துக்கொண்டவர், தன் தலைக்கவசத்தையும் அவர் தலையில் வைத்தார். அவருக்குக் கிடைத்தது எம்பயர் வீரப் பதக்கம். அந்த ஆண்டு செப்டம்பரில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் ஜார்ஜ் கிராஸை நிறுவியபோது, பழைய பதக்கம் வைத்திருந்தவர்கள் அதைக் கொடுத்துப் புதியதைப் பெற்றார்கள். பியர்சனிடமும் ஜார்ஜ் கிராஸ் வந்தது. காயம்பட்டவர் மீது படுத்த இரண்டு பேரில் ஒருவருக்கு ஜார்ஜ் கிராஸ், மற்றவருக்கு அதற்கு அடுத்தது. அடுத்தடுத்து வைத்து அளந்தவர்கள் யாரும் இல்லை. வெவ்வேறு ஆண்டு, வெவ்வேறு மேசை.

தீ யார் வைத்தது?

இப்போது இன்னொரு விமானம், இன்னொரு வால் கூண்டு. அதே ஜூன் மாதம் 12-ஆம் தேதி இரவு, அதே 6-ஆம் குழுவின் 419-ஆம் படையணியைச் சேர்ந்த ஒரு லங்காஸ்டர் விமானம் பிரான்சின் காம்ப்ரே நோக்கிப் பறந்தது. ஜெர்மன் வேட்டை விமானம் சுட்டதில் இடப்பக்க என்ஜின்கள் இரண்டும் நின்றன; இறக்கையிலும் உடலிலும் தீ. கேப்டன் எல்லோரையும் குதிக்கச் சொன்னார். நடுக்கூண்டில் துப்பாக்கி வீரராக இருந்த ஆண்ட்ரூ மினார்ஸ்கி குதிக்கப் போகும்போது, வால் கூண்டில் பேட் புரோஃபி சிக்கியிருப்பதைப் பார்த்தார். என்ஜின் நின்றதால் கூண்டைச் சுழற்றும் விசை இல்லை. கையால் சுழற்றும் பொறியும் உடைந்துவிட்டது. மினார்ஸ்கி தீயைக் கடந்து போய் கோடரியாலும் வெறுங்கையாலும் போராடினார். உடையும் பாராசூட்டும் பற்றிக்கொண்டன. பயனில்லை, போய்விடு என்று புரோஃபி சைகை காட்டினார். மினார்ஸ்கி பின்வாங்கி, எரியும் உடையோடு விறைப்பாக நின்று ஒரு சல்யூட் வைத்துவிட்டுக் குதித்தார். தரையில் பிரெஞ்சுக்காரர்கள் கண்டெடுத்தார்கள். தீக்காயத்தால் இறந்தார். விமானம் மோதி நொறுங்கியபோது கூண்டோடு போயிருக்க வேண்டிய புரோஃபி, தூக்கி எறியப்பட்டு உயிர் தப்பினார்.

மினார்ஸ்கியும் வின்னிபெக்கில் பிறந்தவர்.

ஒரே ஊர்க்காரர்கள் இருவர், ஒரே குழு, இரண்டு வாரங்களுக்குச் சற்றே அதிக இடைவெளி. இருவரும் கோணலாக நின்றுவிட்ட வால் கூண்டின் முன் தீயில் நின்றார்கள். மினார்ஸ்கிக்குக் கிடைத்தது விக்டோரியா கிராஸ். எதிரியின் முன்னிலையில் காட்டும் வீரத்துக்கு அது. எதிரி இல்லாத இடத்தில் காட்டும் வீரத்துக்கு ஜார்ஜ் கிராஸ். வரிசையில் விக்டோரியா கிராஸுக்கு அடுத்தபடி ஜார்ஜ் கிராஸ் வரும். ஆக, இரண்டு பதக்கங்களுக்கும் நடுவே கோடு போட்டது வீரத்தின் அளவு அல்ல. தீயை வைத்தது யார் என்ற கேள்வி. ஜெர்மன் துப்பாக்கி வைத்த தீ ஒரு பக்கம், தவறிய தரையிறக்கம் வைத்த தீ மறுபக்கம்.

ஒரு நடைமுறை வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். தோல்தார்ப் விபத்துக்கு நான்கு மாதத்தில் பதக்கம் அறிவித்துவிட்டார்கள். சாட்சிகள் தளம் முழுக்க இருந்தார்கள். மினார்ஸ்கியின் செயலைப் பார்த்த ஒரே மனிதர் புரோஃபி. அவர் செத்திருந்தால் மினார்ஸ்கியின் பெயர் இறந்தோர் பட்டியலில் ஒரு வரியாக நின்றிருக்கும். பதக்கம் அறிவிக்கப்பட்டது 1946 அக்டோபரில், இரண்டு ஆண்டுக்கு மேல் கழித்து. வானத்தில் நடந்த வீரத்துக்குச் சாட்சி அபூர்வம். அந்த வகையில் தரையில் விபத்துக்குள் குதித்தவர்களுக்கு ஓர் அனுகூலம் இருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

கோடு எவ்வளவு நெளிவு சுளிவானது என்பதற்கு நம் பக்கத்திலிருந்தே ஓர் ஆள் உண்டு. விமானப்படை அல்ல, இந்திய ராணுவத்தின் பொறியியல் படையான மெட்ராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்த சுபேதார் சுப்ரமணியன், காஞ்சிபுரம் பக்கத்தவர். அதே 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிக்னானோ அருகே, வெடிக்கப் போகும் கண்ணிவெடி மீது படுத்துத் தன் கூட்டாளிகளைக் காப்பாற்றி இறந்தார். அவருக்கும் ஜார்ஜ் கிராஸ்தான். கண்ணியைப் புதைத்தது எதிரி. ஆனால் அந்த நேரத்தில் எதிரி எதிரே நிற்கவில்லை. ஆகவே 'போர்க்களத்துக்கு வெளியே'.

குண்டுவீச்சுப் படையில் அந்தப் போரில் இறந்தவர்கள் 55,000-க்கும் மேல். அவர்களில் எட்டாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தது எதிரியின் குண்டுக்கு அல்ல. பயிற்சியிலும் தரையிறங்கும்போதும் தளத்திலும் நடந்த விபத்துகளில். பனிமூட்டம், பழுதான என்ஜின், தூக்கம் கெட்ட கண், இருட்டில் தவறாகக் கணித்த ஓடுபாதை. இவர்களுக்கும் வீட்டுக்குத் தந்தி போனது. தோல்தார்ப் இரவு அந்த எட்டாயிரத்தோடு இன்னும் இரண்டு பேரைச் சேர்த்திருக்க வேண்டியது.

விமானத் தளம் இப்போது இல்லை. கிராமப் புல்வெளியில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. ஊரிலிருந்து பழைய தளத்துக்குப் போகும் சாலையில் இங்கிலாந்தின் ஓக் மரங்களையும் கனடாவின் மேப்பிள் மரங்களையும் நட்டிருக்கிறார்கள்.

மினார்ஸ்கி பிரான்சின் மெஹாரிகூர் கிராமக் கல்லறையில் இருக்கிறார். ராஸ் கை போன பிறகும் விமானப்படையை விட்டு விலகவில்லை. போர் முடிந்த பின்னும் பணியில் தொடர்ந்தார். 1981 செப்டம்பரில் ஒன்டாரியோவின் கிங்ஸ்டன் நகரில் காலமானார். கோடரியை நீட்டிய இரவில் அவருக்கு வயது 37. இறந்தபோது 74.